மறுபடியும் விடுவீங்களா?

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? அத்தானின் முட்டிவலி குறைந்ததா? உன் மகள் சிட்டு படிக்கிறாளா, இல்லை உன்னைப் போல வாயடித்துக்கொண்டு திரிகிறாளா?

இங்கே பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். ஊரும் அலுத்துவிட்டது. அடுத்த மாதம் உங்கள் பக்கமே வந்துவிடுகிறேன். நீ நடத்தும் மாலை நேரக் குழந்தைகள் மையத்தில் படம் வரையக் கற்றுக்கொடுக்க ஆள் தேடுவதாக எழுதியிருந்தாயே, சம்பளம் வேண்டாம், நான் வருகிறேன். உன் விசாரணையை மட்டும் என்னிடம் காட்டாதே. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியைப் பற்றி ஊரில் விசாரிப்பாயா?

உன் தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

நீ வரப்போகிறாய் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

மையத்து விஷயத்தில் மட்டும் கோபித்துக்கொள்ளாதே. குழந்தைகளோடு இருக்க யார் வந்தாலும் போலீஸ் சான்றிதழ் வாங்குவோம். அதோடு, கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கு நானே போன் செய்வேன். நல்லவரா என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: "மறுபடியும் இவரைப் பிள்ளைங்களோட விடுவீங்களா?" வேன் ஓட்ட வந்த உன் அத்தானையே விடவில்லை. "கட்டின பொண்டாட்டியே என்னைப் போலீஸுக்கு அனுப்புறா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

போன் எல்லாம் செய்யாதே. அந்தத் தலைமையாசிரியைக்கும் எனக்கும் ஆகாது. இல்லாததும் பொல்லாததும் சொல்வாள். உன் மையமே எனக்கு வேண்டாம், விட்டுவிடு. கூடப் பிறந்தவனையே நம்பாத நீ வேறு யாரை நம்பப்போகிறாய்? மனசு வலிக்கிறது.

ஆனாலும் நீங்கள் இருவரும் மையத்துக்குப் போகிற நேரத்தில், லீவுக்கு வரும்போதெல்லாம் செய்வேனே, அதுபோலச் சிட்டுவை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காவது நம்புவாய்தானே?

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

போன் செய்தேன். உன்மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டால் உன் கோபம் தீரும் என்றுதான் செய்தேன். அந்த அம்மாள் பொல்லாதது எதுவும் சொல்லவில்லை. நன்றாக வரைவாய், நேரத்துக்கு வருவாய் என்றார். பிறகு என் கேள்வியைக் கேட்டேன். இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். கடைசியில், "விடமாட்டேங்க" என்றார். "ஒரு பொண்ணோட அம்மா வந்து அழுதாங்க. ஸ்கூல் பேரு கெட்டுடும்னு பயந்து, அவரா வேலைய விட்ட மாதிரி அனுப்பிட்டோம்."

பேரா பெரிது என்று அவரிடம் கத்தினேன். போனை வைத்த பிறகுதான் என் வீடு நினைவுக்கு வந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன். மையத்து வாசலில் அத்தனை பேரை நிறுத்தி விசாரித்தவள், என் வீட்டுக்குள் வந்தவனை விசாரிக்கவில்லை.

சிட்டுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாமாவோடு தனியாக இருந்தபோது ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நாளா ஏம்மா கேக்கல?" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டோம். அந்தத் தலைமையாசிரியையும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உன்னை நினைத்தும் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் இந்த வாசலை இனி மிதிக்காதே.

சிட்டுவின் அம்மா