பூக்கட்டிப் பார்த்தோம்

ஆவணி, வெள்ளிக்கிழமை

மகள் கவிதாவுக்குக் கம்பத்து வரனை முடிக்கலாமா என்று இன்று வீரபாண்டிக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளை அரளி இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கவிதா கேட்டாள். “கட்டிக்கப் போறது நானா, பூசாரியாம்மா?”

“வாயை மூடுடி. ஆத்தாவே உத்தரவு குடுத்துருச்சு.”

“என் பேங்க் வேலையை விடச் சொல்லுவாகளான்னு அவககிட்டக் கேட்டியா?”

கேட்கவில்லை. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று மட்டும்தான் கேட்டேன்.

“பூ வந்த பிறகு என்ன கேள்வி?” என்று வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருந்தாலும் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டு, வேலையை விடச் சொல்வார்களா என்று கேட்டேன்.

“அதை இன்னும் அவன்கிட்டக் கேக்கலையே மதினி” என்றார் அந்த அம்மா. “நாங்களும் பூதான் கட்டிப் பார்த்தோம்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாளை பையன் பேசுவானாம். என்னிடம் பேச வேண்டாம், அவளிடமே பேசட்டும் என்று கவிதாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.