கோட்டுப் பைக்குள் முன்னறை

நவம்பர் 4

மேபல் தூங்கிவிட்டாள் என்று நம்பி உட்கார்ந்தேன். டுப்! அலமாரிக்குள், வீட்டைச் சூடாக்க வெந்நீர் அனுப்பும் பாய்லர் பற்றிக்கொண்டது. அழுகை. தட்டித் தூங்கவைப்பதற்குள் அது அணைந்து, மறுபடி டுப்! மறுபடி அழுகை. குழந்தை அறை அலமாரியில் பாய்லரை வைத்த மகராசன் பிள்ளை பெறாதவனாகத்தான் இருக்கவேண்டும்.

ராஸ் வாங்கி மாட்டிய புது வால்வுகள் வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எந்த அறைக்கு எவ்வளவு சூடு என்று கைபேசியிலேயே சொல்லிவிடலாமாம். “ஆளில்லாத ரூமை எதுக்குச் சூடாக்கணும்?” என்கிறான் என் கணவன். குழந்தை அறை மட்டும் இருபது டிகிரி, மற்றதெல்லாம் பதினைந்து. இருபதுக்குக் கீழே போகக்கூடாது என்றது நான். தொட்டில் பக்கத்தில் முட்டை வடிவ வெப்பமானி வைத்திருக்கிறேன்; மஞ்சளாக ஒளிர்ந்தால் சரி, நீலம் என்றால் குளிர். பெற்ற பிள்ளை முகத்தைக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

நவம்பர் 6

தூக்கமில்லை.

நவம்பர் 7

பாய்லர் பார்க்கிற ஆள் வந்தார். டீ குடித்தார். “பழுதே இல்லையேம்மா,” என்றார். போய்விட்டார். அவர் இருந்த நேரமெல்லாம் மேபல் சிரித்துக்கொண்டே இருந்தாள். துரோகி.

நவம்பர் 8

மாமியார் பிரெண்டா வந்திருக்கிறார், ஒரு வாரத்துக்கு. கோட்டைக் கழற்றவே இல்லை. சாப்பாட்டு மேசையிலும் கோட்டு.

“கழட்டிட்டு உக்காருங்களேன், பிரெண்டா.”

“எதுக்கு கண்ணு? தெருவுல கொஞ்சம் கதகதப்பா இருந்துச்சு. அங்கயே இருந்திருக்கலாம்.”

“பதினஞ்சு போதும்மா. ஸ்வெட்டர் போட்டுக்க,” என்றான் ராஸ்.

“போட்டிருக்கேன்டா. ரெண்டு.”

பேசி முடிப்பதற்குள் தட்டில் கிரேவி உறைந்துவிட்டது.

நவம்பர் 10

முன்னறையில் போர். மாமியார் வால்வைக் கையால் திருகி இருபத்திரண்டில் வைக்கிறார். ராஸ் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி பதினைந்துக்கு இறக்குகிறான். வால்வு தானாக ‘ர்ர்ர்’ என்று சுழன்று மூடிக்கொள்கிறது.

“இங்க பாரு, என்னைப் பாத்து உறுமுது!”

மறுபடி திருகல். மறுபடி ர்ர்ர். மாடியில் டுப். சிரிப்பதா அழுவதா? அழுதேன்.

நவம்பர் 11

மதியம் மேபலைப் படுக்கவைத்துவிட்டுக் கீழே வந்தேன். ஒரு டீ குடித்தேன். சத்தமில்லை. இன்னொரு டீ. அப்பவும் சத்தமில்லை. இவ இவ்வளவு நேரம் தூங்கவே மாட்டாளே — ஐயோ, மூச்சு?

மாடிக்கு ஓடினேன். முட்டை மஞ்சள். மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வந்தது. எனக்கும் வந்தது.

கீழே கதவு படார். அலுவலகத்திலிருந்து மழையில் எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊர் மேடு முழுக்க ஓடிவந்திருக்கிறான் ராஸ்.

“தீ எங்க? முன்னறை முப்பத்தொண்ணு காட்டுது!”

“கத்தாத! தூங்குறா!”

முன்னறையில் தீயும் இல்லை, வால்வும் இல்லை. வால்வு இருந்த இடத்தில் சின்னதாக ஓர் ஊசி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது; அதை அழுத்தி மூட எதுவும் இல்லாததால் ரேடியேட்டர் முழுக்கத் திறந்திருந்தது. அறை இதமாக இருந்தது. சமையலறையில் மாமியார், அடுப்பை ஒட்டி, கோட்டோடு சூப் கிளறிக்கொண்டிருந்தார்.

“அம்மா, வால்வு எங்க?”

கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். “ஓயாம உறுமிட்டே இருந்துச்சு. கழட்டிட்டேன்.” அறைச் சூட்டை அளப்பதும் அந்த வால்வுதான்; அடுப்பருகே பைக்குள் இருந்துகொண்டு அது அளந்ததுதான் அந்த முப்பத்தொன்று.

அதை மாட்டப் போனவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியம் முழுக்க ஒரு டுப்கூட இல்லை! இவ்வளவு பெரிய பாய்லருக்கு ஒரே ஒரு குட்டி ரேடியேட்டரை மட்டும் திறந்துவைத்தால் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? பற்றும்; போன தண்ணீர் ஆறாமலே திரும்பி வரும்; உடனே அணையும்; மறுபடி பற்றும். வால்வு கழன்றதும் முன்னறையிலும் கொட்ட இடம் கிடைத்து, நிதானமாக எரிந்திருக்கிறது. பிள்ளைக்குக் குளிரக்கூடாதென்று நானும், மற்ற அறையெல்லாம் வீண் என்று அவனும் — இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அவளை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ராஸ் அம்மாவைப் பார்த்தான். “நீ செஞ்சது தப்புதான், ஆனா...”

“சூப்பைக் குடிடா,” என்றார்.

நவம்பர் 15

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதுகிற நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

முன்னறை வால்வு இப்போது சமையலறை இழுப்பறையில், கரண்டிகளோடு. கைபேசியில் ‘முன்னறை: 16’ என்கிறது. எல்லாம் தெரிந்தும் ராஸுக்கு அதைப் பார்த்தால் ஒரு நிம்மதி.

சாயங்காலம் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். கோட்டை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடினார். வாசல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.