உண்மையைத்தானே சொன்னேன்

கரவெட்டி
12.04.1989

சின்னம்மாவுக்கு,

சுகம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது.

நேற்றுச் செபநாயகத்தின் தாய் கத்தரீனா மாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் படிப்பிக்கிற பாலர் பாடசாலை விடுகிற நேரம். படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: “பிள்ளை, இந்தக் கலியாணம் வேண்டாம். கடலுக்கை இறங்கினவளையோ மகனுக்குக் கட்டிவைக்கப் போறாய் எண்டு சனம் கேக்குது.” போன ஞாயிறுதான் எங்கள் கலியாண அறிவித்தலைக் கோயிலில் முதல் தடவை வாசித்தார்கள். இரண்டாம் தடவை இனி வாசிக்க மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், என்னைப் பெற்ற அப்பு போன வள்ளம் திரும்பாத அந்த மாதம், நான் சாகவென்று கடலுக்குள் நடந்ததைக் கண்டது இரண்டு பேர். என்னை இழுத்துக் கரையில் போட்ட சந்தியோகு அண்ணை போன வருடம் காலமாகிவிட்டார். மற்றது நீங்கள்.

யாரிடம் சொன்னீர்கள்?

ஸ்ரெல்லா


குருநகர்
17.04.1989

பிள்ளை ஸ்ரெல்லா,

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி தரட்டும். என்ன எழுத்து இது? தாயில்லாத உன்னைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவளுக்கு எழுதுகிற எழுத்தா?

ஓம், சொன்னேன். பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்களிடம் சொன்னேன். பொய்யா சொன்னேன்? பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கட்டளையை உனக்கு ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கியதே நான். உண்மையைச் சொல்வது பாவமென்று எங்கே எழுதியிருக்கிறது? மறைத்துக் கட்டி, பிறகு தெரியவந்து, அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பினால் யார் வீட்டுக்கு வருவாய்? என் வீட்டுக்குத்தானே?

அன்று உன் ஈரத் தலையை மடியில் வைத்திருந்தவள் நான். பதினொரு நாள் கண்மூடவில்லை. அப்படிப்பட்ட நான், உன் கலியாணத்தைச் கோயிலில் சுவாமி வாசித்துத்தான் அறிந்தேன். பக்கத்தில் இருந்த லில்லி, “என்ன லூர்த்தம்மா, உமக்கும் தெரியாதோ?” என்று கேட்டாள். உயிர்த்த ஞாயிறுக்கும் நீ வரவில்லை.

உன் சின்னம்மா
லூர்த்தம்மா


கரவெட்டி
24.04.1989

சின்னம்மாவுக்கு,

நான் எதையும் மறைக்கவில்லை. தை மாதமே செபநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாயிடம் சொன்னார். மாமி என் கையைப் பிடித்து, “அது துக்கத்திலை வந்த வருத்தம், பிள்ளை. எங்களோடை கிடக்கட்டும்” என்றார். அறிய வேண்டியவர்கள் அறிந்துதான் சம்மதித்தார்கள். நீங்கள் அறியத் தேவையில்லாத வாசல் பெண்களுக்குச் சொன்னீர்கள். மாமியால் என்னைத் தாங்க முடிந்தது. ஊர் வாயைத் தாங்க முடியவில்லை.

எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். நீங்கள் படிப்பித்ததுதான். ஒருவனுடைய மறைவான குற்றத்தை அவசியமில்லாமல் வெளிப்படுத்துவதும் அவன் பேரைக் களவெடுப்பதுதான் என்றீர்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பொய்யென்றால் பொய்யென்று சொல்லித் திருப்பி எடுக்கலாம். நீங்கள் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பீர்கள்?

கலியாணத்தை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை. சொன்னால் நீங்கள் குழப்புவீர்கள் என்று பயந்தேன். அதற்கு வந்து என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஸ்ரெல்லா


குருநகர்
29.05.1989

பிள்ளை,

ஒரு மாதமாக உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போதும் கோபம் போகவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொல்லவில்லை என்றுதான் சுவாமியிடமும் தொடங்கினேன். அவர், “சொல்லேக்கை உமக்கு மனம் எப்பிடி இருந்தது?” என்று மட்டும் கேட்டார். இனித்தது, பிள்ளை. லில்லி முகம் மாறினதைப் பார்க்க இனித்தது. கெடுத்த பேரை உம்மால் முடிந்தமட்டும் திருத்தும் என்றார்.

கத்தரீனாவிடம் போனேன். கதவைத் திறக்கவில்லை. நேற்றுப் பூசை முடிய அதே வாசலில் அதே பெண்களை நிறுத்தினேன். “அவளின்ரை குறையை உங்களுக்குச் சொன்னன். இப்ப என்ரை குறையைக் கேளுங்கோ. கலியாணத்துக்கு என்னைக் கேக்கேல்லை எண்ட எரிச்சலிலைதான் சொன்னன்” என்றேன். பின்னேரம் செபமாலைக்கு என் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை.

இதெல்லாம் உன் காலில் விழுவதாக நினையாதே. ஆனால் எங்கள் கோயிலின் சந்தியோகுமையார் பெருநாளுக்கு வா. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். செபநாயகம் உன்னைத் தேடிக் கரவெட்டிக்கு வந்ததாகக் கேள்வி. என்ன கதைத்தான்? உடனே எழுது.

லூர்த்தம்மா


கரவெட்டி
08.06.1989

சின்னம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசலில் நின்று அப்படிச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களை மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் கர்த்தர் கற்பித்த செபத்தில் “தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல” என்ற இடம் வரும்போது வாய் திக்குகிறது. ஆனாலும் சொல்லி முடிக்கிறேன்.

பெருநாளுக்கு வரமாட்டேன். அறையை யாருக்காவது வாடகைக்குக் கொடுங்கள். உங்களுக்கு வருத்தம், பாயில் கிடக்கிறீர்கள் என்று ஆள் அனுப்பினால் அன்றைக்கே வருவேன். கஞ்சி காய்ச்சித் தருவேன், பக்கத்தில் இருப்பேன்.

செபநாயகம் வந்தது உண்மை. படலையடியில் நின்று ஒன்று கேட்டார். நானும் ஒரு பதில் சொன்னேன். அது என்ன என்பதை உங்களுக்கு எழுதமாட்டேன்.

ஸ்ரெல்லா