விலாவில் இடித்த முழங்கை

சாந்தன்பாறை,
வைகாசி 6.

அன்பு மகள் பூமாரிக்கு அப்பா கந்தப்பன் வாய்விட்டுச் சொல்ல, வினோவுக்குப் பாடம் சொல்ல வரும் ஸ்பெஷல் டீச்சர் எப்சிபா எழுதிய கடிதம். விடாத மழையிலும் நானும் உன் மகள் வினோவும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும், நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பெரியம்மாவும் சுகமாக இருக்க முருகன் காவல் இருக்கட்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். டீச்சர் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார். இரண்டு தரம் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

கம்பம் பக்கத்தில் கை கால் வராத பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லத்தில் வினோவைச் சேர்க்க நீ அனுப்பிய பாரத்தில் நான் இன்னும் கைநாட்டு வைக்கவில்லை. ஜூன் முதல் தேதி தாண்டினால் இடம் போய்விடும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். எனக்கு எழுபத்து நாலு ஆகிறது, பிள்ளையைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்கிறது, எனக்குப் பிறகு யார் என்று நீ கேட்டதும் நியாயம்தான். ஆனால் டீச்சர் அந்தப் பாரத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில், சொன்னது புரியாது, எதையும் தெரிவிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அது உன் வார்த்தை இல்லை தாயி, என் வார்த்தை. நீ போன நாள் முதல் மூன்று வருஷமாக நான்தான் உன்னிடம் அப்படிச் சொல்லி வந்தேன். நான் சொன்னது தப்பு.

மாசிக் கடைசியில் டீச்சர் ஒரு சுவிட்ச் கொண்டுவந்தார். சுவரில் இருப்பது போல இல்லை, அப்பளம் அகலத்தில் சிவப்பாக, லேசாகப் பட்டாலே அமுங்குகிறது, அதிலிருந்து ஒரு ஒயர் பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. அமுக்கினால் பாட்டு, விட்டால் நின்றுவிடும். கை கால் சொன்னபடி கேட்காத சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்ததாம். வினோவுக்குத்தான் விரல் மடங்கியே இருக்கிறதே, கையை முன்னால் கொண்டுபோகப் பார்த்தால் அது பின்னால் போகிறது. எனக்குப் பொறுக்காமல் அவள் கையைப் பிடித்து நானே அமுக்கினேன். பாட்டு வந்தது என்று பல்லைக் காட்டினேன். டீச்சர், "தாத்தா, இது நீங்க போட்ட பாட்டு, அவ போடல. கைய எடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று வாரம் கைக்குக் கீழே, தலைக்குப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது வாரம் அவர் வந்தபோது வினோ கம்பிளிக்குள் கட்டுண்டு கிடந்தாள். என் கட்டு உனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷம் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை கட்டியவன், உள்ளே காய் உருளாமல் கட்டுவேன். தூக்கி இடுப்பில் வைத்தால் வலது முழங்கையால் என் விலாவில் இடிப்பாள், வலிப்பு வரப்போகிறது என்று பயந்து, குளிருக்கும் ஆச்சு என்று கையோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். எப்பவெல்லாம் இடிப்பாள் என்று டீச்சர் கேட்டார். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நடந்தது எதுவும் மறக்காது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ போன புதன்கிழமை, ஜீப் வளைவு திரும்பி மறைகிறவரை ஆறு தடவை. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் உன் போன் வந்தபோது இரண்டு தடவை, போனை நான் வைத்ததும் இன்னும் பலமாக. கூழில் உப்புப் போட மறந்த அன்றைக்கு. பக்கத்து வீட்டு முருகேஸ்வரியின் ஆட்டுக்குட்டி வாசலுக்கு வந்தபோது. சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் அவள் ஒரு நாளும் இடித்ததில்லை. டீச்சர் கம்பிளியை அவிழ்த்து, அவளை நாற்காலியில் சாய்த்து, முழங்கைக்குப் பக்கத்தில் சுவிட்சை வைத்துக் கட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இடித்தாள், பாட்டு வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை, வலிப்புதான் என்றேன். டீச்சர் ஒயரைப் பிடுங்கினார். வினோ இடித்தாள், பாட்டு இல்லை. இன்னொரு தரம் இடித்தாள். அப்புறம் இடிப்பதை விட்டுவிட்டு, டீச்சர் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள் தாயி. பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, ஒயரைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது பேசுகிற பட்டன் இரண்டு வைத்திருக்கிறது, முழங்கையை வெளியே தள்ளினால் வேணும், பின்னால் இழுத்தால் வேண்டாம் என்று டீச்சர் குரலில் கேட்கும். அவள் முதல் முதலில் வேண்டாம் என்றது என் கேப்பைக் கூழை. முருகேஸ்வரி, "மூணு வருசமா பிள்ளையக் கட்டிப் போட்டு இந்தக் கூழ ஊத்திருக்கீகளே மாமா, போலீசுக்குச் சொல்லிவிடவா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம், எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் சரியாக வருகிறது என்று சொல்லமாட்டேன். களைத்துப்போனால் கை எங்கேயோ போகிறது, ஒரு பதில் வர நான் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் ஆகிறது.

இல்லத்துக்குப் போகிறாயா என்று அவளையே கேட்டுவிடலாமா என்று நேற்று டீச்சரிடம் கேட்டேன். "பாக்காத எடத்தப் பத்தி நாலரை வயசுப் பிள்ள என்ன தாத்தா சொல்லும்?" என்றார். அதுவும் சரி என்று கேட்கவில்லை. இல்லமே கூடாது என்று நான் சொல்லவில்லை. லீவு கேட்டு ஒரு நடை வந்துபோ. அவர்களிடம் தேதி தள்ளித் தரச் சொல், தராவிட்டால் அந்த இடம் போகட்டும். மூன்று பேரும் சுவிட்சோடு போய் அங்கே ஒரு பகல் இருப்போம், அங்கே வைத்து நீயே அவளைக் கேள். வேணும் என்றால் அன்றைக்கே கைநாட்டு வைக்கிறேன். வேண்டாம் என்றால் முதுகு வலியோடு நான் இருக்கிறேன், வேறு வழி யோசிப்போம். ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியதை அடித்துவிட்டு, கேட்டால் சொல்லுவாள், பொறுத்துக் கேட்க வேண்டும் என்று டீச்சரை எழுதச் சொன்னேன்.

பெற்றவன் மனசார வாழ்த்துகிறேன், நல்லா இரு தாயி. வேளைக்குச் சாப்பிடு. போன் பண்ணும்போது வினோவிடம் ஏதாவது ஒன்று கேள், கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
கந்தப்பன்
(இடது பெருவிரல் ரேகை)