மேசைக்கடியில் அரை மணி நேரம்

உன் பயிற்சிச் சான்றிதழ் நேற்று மத்தியானம் வந்துவிட்டது. தகவல் சொன்னவர் உன் நர்சரி மேனேஜர். நானும் போய் உறையைப் பிரித்துப் பார்த்தேன். தேர்ச்சி என்றுதான் இருக்கிறது. நீ கண்ணை மூடி நாற்பத்தோரு நாள் ஆகிறது.

மட்டாஞ்சேரியில் பதினெட்டு வருஷம் சின்னக் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்த உன்னிடம், அந்தப் பயிற்சியை முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். சனிக்கிழமைதோறும் படகில் எர்ணாகுளம் போனாய். "இத்தன வருஷம் மூக்குத் தொடச்சவளுக்கு இனி என்னடி படிப்பு?" என்று சீண்டினேன். "பத்திரிகைக்காரங்களுக்கும் இப்படி ஒரு கிளாஸ் வேணும், அண்ணா" என்றாய்.

கடைசித் தேர்வு உன் வகுப்பிலேயே நடந்தது. பரிசோதகர் பின்னால் உட்கார்ந்திருப்பார். நீ அரை மணி நேரம் வட்டம், சதுரம் நடத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே மேசைக்கடியில் நுழைந்தாள். ஆயாவிடம் விட்டிருக்கலாம். நீயும் உள்ளே போய் அவளருகில் உட்கார்ந்துவிட்டாய். மணி அடிக்கும்வரை வெளியே வரவில்லை. 'பாடம் நடத்தப்படவில்லை' என்று எழுதிவிட்டு அவர் போனார்.

அன்று சாயங்காலம் உன் சமையலறையில் சாயாவைத் தொடாமல் கத்தினேன். "கொஞ்ச நேரம் அழுதா அவளுக்கு என்ன ஆயிடும்? உன் வேலையில்ல போகும்!"

"சேர்ந்து மூணே நாளு. இன்னிக்கு விட்டா நாளைக்கு வாசலத் தாண்டமாட்டா."

மறுபரிசீலனை கேட்டு நானே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தலைசுற்றல் என்று போடலாமா என்றேன்.

"வேண்டா. நடந்தத எழுது. அதானே உன் ஜோலி?"

எழுதினேன். ஒரு பக்கம். இப்போது தேர்ச்சி தந்திருப்பது அந்தப் பக்கத்துக்குத்தான்.

நேற்று மேனேஜரிடம், தேர்வு நடந்த நாள் முதலே நீ நிரந்தரம் என்று பதிவேட்டில் எழுதும்படி கேட்டேன். "சங்கடம் உண்டு, சேட்டா. ஆனா ஆளில்லாம ஆர்டர் எங்ஙனெ போடும்?" என்றார். அதையே மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். மேசைக்கடியில் அந்தக் குழந்தையிடம் என்ன பேசினாய் என்று உன்னிடம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. அவள் தினமும் வகுப்புக்கு வருகிறாளாம்.

மனு நர்சரியின் கமிட்டியிடம் இருக்கிறது. வரும் புதன்கிழமை கூடுகிறார்கள். முடிவு அன்று மாலைக்குள் தெரியும்.