விபூதிப் புதனும் கோச் வேலையும்

மாசி (பெப்ரவரி) 23, திங்கள்

பீஸ் காற்று, இந்த ஏரிக்கரையின் வாடை. ஏரி முழுக்கச் சுருக்கம், வயசு போனவரின் கழுத்து மாதிரி. கொடியில் போட்ட சமையல் துணிகள் பலகையாய் விறைத்துவிட்டன. ஒன்றை எடுத்து இவரின் முதுகில் தட்டினேன். டக் என்று சத்தம். மனுசன் சிரிக்கவில்லை.

இன்று:
– உருளைக்கிழங்கு, இரண்டு சாக்கு
– உதைபந்துப் பிள்ளைகளின் சட்டைகள். சேறு. இரண்டு தரம் அலச வேண்டும்
– அடுப்பின் இடப்பக்கம் தும்முகிறது, டிரெக்டருக்குச் சொல்ல
– இவரின் சப்பாத்து. அடி வாய் திறந்துவிட்டது

மத்தியானம் டிரெக்டர் தானே சமையலறைக்கு வந்தார். அந்த உயரத்துக்கு எங்கள் கதவு காணாது, எப்போதும் குனிந்துதான் வருவார். அடுப்பைப் பற்றி என்று நினைத்தேன். இல்லை. தொப்பி மதாம், உதைபந்துக் கோச் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கச் சம்மதமாம். (இனி தொ.ம. மணிக்கூட்டுப் பட்டறைக் குடும்பத்து விதவை. தொப்பி இல்லாமல் நான் கண்டதில்லை. எங்கள் வேதப் பல்கலைக்கழகத்தின் பந்து, வலை, வாகனத்துக்குப் பெற்றோல், எல்லாம் அவரின் காசு.) மாணவப் பிள்ளைகளைக் கேட்டார்களாம். பிள்ளைகள் இவரின் பெயரைச் சொன்னார்களாம்.

"அப்ப பாத்திரம் ஆர் கழுவுறது? நீங்களோ?" என்றேன் என் ஓட்டைப் பிரெஞ்சில்.

டிரெக்டர் தன் கைகளைப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார் பாவம்.

இவர் சலாத்துக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அதே கோப்பையை, அதே இடத்தில். காது இரண்டும் சிவப்பு.

மாசி 24, செவ்வாய்

மூடுபனி. பல் வலி, கராம்பு வைத்திருக்கிறேன்.

பழைய கோச் மார்கழியில் நத்தாரோடு பெரிய உதைபந்துக் கழகம் ஒன்றுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பின்னேரங்களில் இவர்தான் திடலில். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாள் பிள்ளைகள் பந்தை வைத்துக்கொண்டு ஆடு மாதிரி நின்றார்களாம், ஏப்ரனோடு இறங்கிவிட்டார். ஊரில் எங்கள் கரைப் பெடியங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பந்து பழக்கினவர்தானே.

சுவிஸுக்கு வந்த பிறகு இவரின் வாயால் வந்த சொற்கள்: ஓம். இல்லை. உப்பு. காணும். அவ்வளவுதான். ஊரில் ஆமி முகாமில் பிடித்து வைத்திருந்து விட்ட பிறகே அப்படித்தான். ஆனால் திடலில் இருந்து வரும் நாளில் படி ஏறும்போதே கதை. அவன் ஏன் இடப்பக்கம் போனான், இவன் ஏன் தலையால் அடித்தான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டும் கதை. எனக்கு அந்தக் கதை வேண்டும். வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னால் பொய். டிரெக்டர் கடிதம் தருவார், பேர்னில் கிடக்கும் எங்கள் அகதி வழக்குக்கு உதவும். அதுவும் வேண்டும்.

பின்னேரம் டிரெக்டர் தாள் கொண்டுவந்தார். விசுவாச அறிக்கையாம். பிள்ளைகளை நடத்துகிறவர்கள் எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும். பேராசிரியர், நூலகக்காரி, கோச். சமையலறைக்குத் தேவை இல்லை.

"ஓம், சூப்புக்கு என்னத்துக்கு விசுவாசம்" என்றேன்.

டிரெக்டருக்குப் பாதிச் சிரிப்பு.

மாசி 26, வியாழன்

தாளை வாசித்துக் காட்டச் சாமுவேலைப் பிடித்தேன். கமரூன் நாட்டுப் பிள்ளை, கோல் காப்பவன், மலை மாதிரி. கூலி: மிஞ்சின கிராத்தான், பாலும் சீஸும் போட்டு வாட்டின உருளைக்கிழங்கு, தட்டோடு. லேசான பிரெஞ்சாக்கிச் சொன்னான். முதல் ஆறும் நல்லதுதான். கடவுள், யேசு, வேதாகமம், குடி இல்லை. எங்களுக்கும் சரி. (குடி விஷயத்தில் என் தம்பியைக் கேட்க வேண்டும்.)

ஏழாவது: மாதாவையும் புனிதர்களையும் நோக்கிச் செபிப்பதில்லை. அது பிழை என்று நம்புகிறோம்.

இவர் கரட் சீவிக்கொண்டிருந்தவர். கத்தி நின்றுவிட்டது.

"முகாமில வைச்சிருக்கேக்க நான் ஆரைக் கூப்பிட்டனான், பிலோ? டிரெக்டரையோ?"

"மாதாவுக்குப் பிரெஞ்சு விளங்காது. நீங்கள் கையெழுத்தை வைச்சிட்டு வாங்கோ."

"பகிடியை விடு."

"பகிடி இல்லையப்பா. அவவும் ஒரு தாய்தானே. பிள்ளைக்கு வேலை கிடைக்கிறதெண்டால் கோவிப்பாவோ?"

இவர் அடுத்த கரட்டை எடுத்தார். சாமுவேல் எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்து, "கிராத்தான் இன்னும் இருக்கா" என்று கேட்டான். கொடுத்தேன்.

மாசி 28, சனி

வெயில்! தபால்காரர் கழகத்தோடு ஆட்டம். தோல்வி, 3–1. நான் உடுப்புக் கூடையோடு போய்க் கோட்டுக்கு வெளியே நின்று தபால்காரர் எல்லாருக்கும் பெயர் வைத்தேன். ஒருவன் கோழி நடை.

வீட்டுக்கு வந்ததில் இருந்து இவர் மேசையில் உப்புப் போத்தல், மிளகுப் போத்தல், மூன்று முட்டை எல்லாம் பரப்பி, கோல் எப்படி விழுந்தது என்று காட்டிக்கொண்டு. தோற்றதுக்கே இவ்வளவு என்றால் வென்றால் கோழியே வாங்க வேண்டும். ஒரு முட்டை உருண்டு விழுந்தது. "அது தபால்காரன்" என்றார். இரண்டு வருஷத்தில் இவர் விட்ட முதல் பகிடி. திகதியைக் குறித்துவைக்கிறேன்.

பங்குனி 1, ஞாயிறு

மாதா கோயிலில் பூசைக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் இரண்டு கிழவிகள்: "இந்தியர்கள் போல." "இல்லை, வேறு ஏதோ." எழும்பி இறங்கும்போது "வேறு ஏதோதான், மதாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருவருக்கும் முகம் தக்காளி.

சாப்பாட்டுக்குப் பிறகு இவர்: "சரி. வைக்கிறன்."

"என்னத்தை?"

"கையெழுத்தை. உனக்காண்டி."

சந்தோஷப்பட வேண்டியவள் நான். எழும்பிப் போய் இரவுக் கறியில் உப்புப் போட்டேன். பிறகு திரும்பவும் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை, ஆனால் இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பங்குனி 3, செவ்வாய்

நாளை தொ.ம. வருகிறார். டிரெக்டர், சபைக்காரர் நாலு பேர். சாப்பாடு, அதற்குப் பிறகு கையெழுத்து.

– லீக்ஸ் சூப்
– மாட்டிறைச்சி, வைனில்லாமல் (தொ.ம. மணந்து பிடிப்பார்)
– கிழங்கு
– ஆப்பிள் தட்டு
– இவருக்கு வெள்ளைச் சேர்ட், அயன்

கலண்டரைப் பார்த்தால் நாளை விபூதிப் புதன், தவசுகாலம் தொடங்க எங்கள் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுகிற நாள். வருஷத்தில் எத்தனை நாள் கிடக்கு, இவர்களுக்கு இதுதான் கிடைத்தது. இறைச்சி சமைக்கலாம், நாங்கள் தொடக்கூடாது. அது பரவாயில்லை. மற்றதுதான் பயம்.

"இஞ்சேருங்கோ, நாளைக்குக் காலமை பூசைக்குப் போகாதேங்கோ. அடுத்த வருஷமும் சாம்பல் இருக்கும்."

சேர்ட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதோ?"

"கேக்குது."

கேட்டதுக்கும் ஓமுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

பங்குனி 4, புதன்

எழும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. குளிர்க் கோட்டும் இல்லை. பின்னால் ஓடினேன், பனியில் சறுக்கிச் சறுக்கி, எப்படியாவது மறிப்போம் என்று. கோயில் வாசல் வரை போனவளுக்கு உள்ளே போகாமல் திரும்ப மனம் வரவில்லை. நானும் வரிசையில் நின்றேன். சுவாமி என் நெற்றியிலும் பூசினார்.

படியில் இறங்கும்போதே சால்வையால் துடைத்துவிட்டேன்.

"நீங்களும் துடையுங்கோ."

"வேர்வையில போகும்."

இந்தக் குளிருக்கு வேர்வை!

சமையலறையில் சாமுவேல்: "மெசியூ சவ், முகத்தில் கரி!" (இவரின் பெயரில் பாதிதான் அவர்களின் வாயில் வரும்.) துவாயோடு வந்தான். இவர் தலையை ஆட்டித் தள்ளிவிட்டார். தலையில் தொப்பியைப் போடச் சொன்னேன். போடவில்லை. வெள்ளைச் சேர்ட்டுக்கு மேலே அந்தக் கறுப்பு இன்னும் கறுப்பு. நான் வெட்டின ஆப்பிள் துண்டெல்லாம் ஒவ்வொரு அளவு.

இறைச்சி சாப்பிட்டு முடிய தொ.ம. சமையலறைக்குள் வந்தார், "எங்கள் கோச்சைப் பார்க்க வேண்டும்" என்று. பின்னால் டிரெக்டர், தாள், பேனை. கிழவி நல்ல மனுசி, அதைச் சொல்லத்தான் வேண்டும். இவரின் கையைப் பிடித்து, பிள்ளைகள் உங்களைப் பற்றி எவ்வளவு சொல்கிறார்கள் தெரியுமா என்றார். பிறகு நெற்றியைக் கண்டார். "அடடே, பாவம், கரியோடு நிற்கிறீர்களே." கைப்பையில் இருந்து லேஞ்சியை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரிக் கையை உயர்த்தினார்.

இவர் பின்னால் போனார். ஒரே எட்டு. முதுகு தட்டு ராக்கையில் பட்டு மூடிகள் எல்லாம் விழுந்து உருண்டன. கடைசி மூடி சுற்றி முடிய எவ்வளவு நேரம் எடுத்தது, கடவுளே.

"வேண்டாம் மதாம்" என்றார் பிரெஞ்சில். "கரி இல்லை. சாம்பல். கோயில்ல வைச்சது."

தொ.ம. லேஞ்சியை மடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. டிரெக்டர் நிலத்தைப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும், நாங்கள் யார் என்று. தெரிந்தும் பேசாமல் முடித்துவிடலாம் என்று இருந்திருக்கிறார், என்னை மாதிரி.

கிழவி என் பக்கம் திரும்பினார். என் நெற்றியைத்தான் பார்த்தார்.

"நீங்களும் கத்தோலிக்கரா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான்.

"ஓம், மதாம். நான் துடைச்சுப்போட்டன்."

அவ்வளவுதான் வந்தது.

தொ.ம. இவரிடம், கோபமில்லாமல்: "இதை நெற்றியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளில் எப்படிக் கையெழுத்து வைப்பீர்கள்?"

இவர் கையை ஏப்ரனில் துடைத்தார். டிரெக்டரிடம் இருந்து தாளை வாங்கினார். வைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். தாளை அப்படியே தொ.ம.விடம் நீட்டினார், இரண்டு கையாலும். "பாத்திரம் கிடக்கு" என்றார் எனக்குத் தமிழில். கழுவுகிற தொட்டிக்குப் போனார்.

"உங்கள் கணவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று தொ.ம.

"இருபது வருஷமா இழுக்கிறன், மதாம். கழுதை ஒரு அடி அசையேல்லை."

தொப்பி குலுங்கியது. சிரிப்போ, வேறு ஏதுமோ. குனிந்து ஒரு மூடியைத் தானே எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பங்குனி 5, வியாழன்

மழையும் பனியும் கலந்து. பல் திரும்பவும்.

இவரோடு கதை இல்லை. சாமுவேலைத் தூது வைத்திருக்கிறேன். "உன்ர கோச்சிட்டச் சொல்லு, வெங்காயம் வெட்டச் சொல்லி." அவன் ஒரு எட்டுத் தூரத்தில் நிற்கும் இவருக்கு அதைப் பிரெஞ்சில் சொல்ல, இவர் வெட்ட. சாமுவேலுக்குப் பெரிய சந்தோஷம்.

டிரெக்டர் குனிந்து வந்தார். மதாமுக்குக் கோபம் இல்லையாம். எங்கள் வேலை எங்களுக்குத்தானாம். ஆனால் கோச் சம்பளம் கையெழுத்து வைப்பவருக்கு மட்டும், அது சட்டம். நகரத்தில் கோச் வேலைக்கு டிப்ளோமா எடுத்தவர் ஒருவர் இருக்கிறாராம். வழக்குக்கான கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரமே டிப்ளோமாக்காரர் வந்து கையெழுத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். சாமுவேல் கண்டானாம்: கார் மூடியின்மேல் தாளை வைத்து, வாசிக்காமல், குளிக்கிற அறை எங்கே என்று கேட்டுக்கொண்டே. புத்த சமயம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் வைத்திருப்பான்.

சாப்பிடும்போது இவர்: "உனக்குக் கோவமோ?"

"ஓம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தவசுகாலம் முடியுமட்டும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே: "நீ துடைச்சதைக் கண்டனான். நான் ஒண்டும் நினைக்கேல்லை, பிலோ."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வேண்டும் போல இருந்தது.

பங்குனி 8, ஞாயிறு

மூன்று நாளாய் இவர்: ஓம். இல்லை. உப்பு.

பங்குனி 10, செவ்வாய்

வெயில், ஆனால் பல் கிட்டும் குளிர். பயற்றஞ் சூப்.

புதிய கோச்சின் முதல் நாள். தொ.ம.வின் காசில் எல்லாம் வந்து இறங்கியிருக்கிறது: புதுப் பந்துகள் வலையில், சிவப்புக் கூம்புகள், பிள்ளைகளுக்கு ஒரே நிற ஜேர்சி. புதியவரின் கழுத்தில் விசில். பார்க்க அழகுதான். பிள்ளைகள் கூம்புகளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னலில் ஆவி. இவர் முழங்கையால் ஒரு வட்டம் துடைத்திருந்தார். கையில் பெரிய சட்டி. கழுவுகிற கை நின்று நின்று போகிறது. நான் சூப்பைக் கிண்டினேன்.

பிறகு இரண்டு பக்கமாய்ப் பிரித்து ஆட விட்டார். புதியவர் நடுவில் நின்று விசில். வலப்பக்கம் எதிர்ப்பக்கத்துக்காரன் ஒருவன் தனியே, மறிக்க ஆள் இல்லை, முன்னால் வெறும் புல். எனக்கே தெரிகிறது. புதியவர் வேறு பக்கம் பார்க்கிறார்.

சட்டி தொட்டிக்குள் விழுந்த சத்தம். இவர் நுரைக் கையால் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டார்.

"டேய், ஆளைப் பிடி! ஆளைப் பிடியடா!"

ஒல்லாந்துப் பிள்ளை ஒருவன், ஒரு சுவிஸ்காரன், இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஓடிப்போய் அவனை மறித்தார்கள். கோலில் நின்ற சாமுவேல் தன் பங்குக்குக் கத்தினான், இவரிடம் பிடித்த தமிழில்: "பின்னுக்கு! பின்னுக்கு!" மற்ற மூன்று பேர் பின்னுக்கு வந்தார்கள்.

புதியவர் விசிலை வாயில் இருந்து எடுத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நடந்து வரத் தொடங்கினார்.

இவர் ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்று மற்றக் கதவையும் விரியத் திறந்துவிட்டேன்.

"அங்கால நிக்கிறவனுக்குக் கேக்கேல்லை, இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ" என்றேன்.