வியாழனுக்கு எவ்வளவு வெளிச்சம்

என் துப்பட்டாவில் இன்னும் சாம்பிராணி வாசனை போகவில்லை. உன் காரியத்துக்கு அயனம்பாக்கம் போய்விட்டு இப்போதுதான் ஸ்டூடியோவைத் திறந்தேன். அங்கே உன் படத்துக்கு முன்னால் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

அந்தப் படத்தைப் போட்டுத் தரச் சொல்லி உன் அம்மா போன வாரம் வந்திருந்தார். மொட்டைமாடியில் டெலஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு நீ பல் தெரியச் சிரிக்கிற படம், நான் எடுத்ததுதான். திரையில் அதைப் பார்த்ததும் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் கலராக்கிக் குடும்மா. உசுரோட இருந்தப்போ ஆளாளுக்கு கருப்பு கருப்புன்னாங்க. செவுத்துல மாட்டுன பொறவாவது ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம இருக்கட்டும்” என்றார். முகப்பேரில் கடை வைத்திருக்கும் எனக்கு இது தினமும் கேட்கிற பேச்சு. பெற்றவள் அப்படிக் கேட்டபோது மட்டும் கை வரவில்லை.

இதே கடையில்தானே, என் அப்பா காலத்தில், உன்னைப் பவுடர் அப்பி உட்காரவைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்தார்கள்? போதாததற்கு அப்பா கம்ப்யூட்டரிலும் வெளுத்துவிட்டார். உன் கன்னக்குழியும் போயிற்று, புருவத்துத் தழும்பும் போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல் கொண்டைக்கடலை மாலையோடு உன்னை குரு சன்னிதிக்கு இழுத்துக்கொண்டு போனார் உன் அம்மா. வரன்தான் அமையவில்லை. நீ பாடியில் கம்பெனி வேலைக்குப் போனாய், சம்பளத்தைச் சேர்த்து ஒரு டெலஸ்கோப் வாங்கினாய். “குரு என்னைப் பாக்கற மாதிரி தெரியல. நானே அவரைப் பாத்துக்கறேன்” என்றாய். வீடே உன்னைத் திட்டியது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்த குருவைப் படம் பிடிக்கத்தான் ஸ்டூடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு உங்கள் மாடிக்கு வந்தேன். ஏரிக்கு மேல் அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. டெலஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி, கல்யாண மண்டபத்துப் பழக்கத்தில் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டேன். வந்தது வெறும் வெள்ளை வட்டம். பக்கத்தில் கோலப்புள்ளி வைத்ததுபோல் அதன் நிலாக்கள். நான் ஃபோகஸைத் திட்டினேன். நீ திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இல்லடி. சுத்தி கீற இருட்டைப் பாத்து கேமரா பயந்துகினு வெளிச்சத்தைக் கொட்டுது. அவரு மேலதான் வெயில் அடிக்குதே, இன்னும் எதுக்கு?” என்றாய்.

ஆட்டோவை அணைத்துவிட்டு, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். இதற்கு மேல் குறைத்தால் ஒன்றுமே தெரியாது என்று நான் சண்டை போட்டேன். நீ இன்னும் ஒரு சுற்று குறைத்தாய். நிலாக்கள் எல்லாம் காணாமல் போயின. மங்கலான அந்த வட்டத்தின் குறுக்கே பழுப்பு நிறத்தில் இரண்டு பட்டைகள் எழுந்து வந்தன. ஏரிப் பக்கத்து ஈரக்காற்றில் நடுங்கினாலும், பட்டைகள் பட்டைகள்தான். நிலாக்கள் போய்விட்டனவே என்று நான் புலம்ப, “அதுங்களுக்கு வேற படம் எடுத்துக்கலாம். மொதல்ல மூஞ்சி தெரியட்டும்” என்றாய்.

பிறகு நீயே சொன்னாய்: “எங்கம்மா ஒருவாட்டி, ஆமா என் பொண்ணு கருப்புதான்னு யார்கிட்டயாவது சொல்லிட்டா போதும்டி. சும்மா, கூச்சப்படாம.” நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உன் அம்மாவிடம் இதையெல்லாம் பேச எனக்குத் தைரியமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் என்ன வாதாடுவது? அவர் கேட்டபடியே அவர் கண்முன்னால் உன் முகத்தை வெளுத்துக்கொண்டே போனேன். கன்னக்குழி மறைந்தது. புருவம் வெளுத்ததும் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“தழும்பு எங்க? படியில உருண்டு வுழுந்தாளே, ரத்தம் நிக்கற வரைக்கும் மடியில போட்டுகினு இருந்தேனே, அது எங்க?”

“வெளிச்சம் ஏத்துனா போயிடும்மா.”

பழையபடி குறைத்தேன். தழும்பு வந்தது, குழி வந்தது, நீயும் வந்தாய். உன் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பிடியே குடு” என்றார். அரை மனசாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இன்று அங்கே போகும்போதும் எனக்குள் பயம்தான்.

பயந்தபடியே ஆயிற்று. மாலை போட வந்த உன் அத்தை படத்தைப் பார்த்து, “இன்னா இவ்ளோ கருப்பா போட்டுக்கீறாங்க? கொஞ்சம் கலராக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து வந்தார். “ஆமா, என் பொண்ணு கருப்புதான். அங்க நின்னுகினு பேசாத. கிட்ட வந்து பாரு.”

நீ ஆயுசுக்கும் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையடி அது. உனக்குப் பதிலாக நான் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன், வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.